பழகிய சேலை

காற்று அசையாத காலையிலும் கீழத்தெரு மொட்டைமாடிகளில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவை துவைத்துக் காயப்போட்டவை அல்ல. உயிரிழைத் துணிக்குத் துவைப்பே கிடையாது. முந்தின நாள் உடுத்தியவரிடம் கற்றுக்கொண்டதைக் கொடியில் கொஞ்ச நேரம் ஆடித் தீர்த்துவிட்டுத் தானாக அடங்கிவிடும். கீழே தெருவில் கடல் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. அந்தத் தண்ணீரில் துணிகளின் நிழலும் சேர்ந்து ஆடும்போது, தூத்துக்குடி முழுவதும் இன்னும் தூக்கம் கலையாமல் கிடப்பதுபோல இருக்கும்.

அந்தத் தெருவிலேயே கடைசியில் அடங்குவது பிலோமியின் கொடிதான்.

“ஒன் சேலை இன்னும் பேசி முடிக்கல போலிருக்கு” என்று கஸ்பார் அன்றும் சிரித்தான். அவள் கணவன். மிதவைப் பேருந்துகளுக்கு ஓட்டை அடைக்கும் வேலை அவனுக்கு. அவன் சொன்னதில் பொய்யில்லை. பிலோமி வாயால் பாதியும் கையால் பாதியும் பேசுகிறவள். கடல் ஓதம் எப்படி ஏறும் என்று அவள் விளக்கினால், எதிரில் இருப்பவர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. கஸ்பார் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதே அந்தக் கைகளைப் பார்த்துத்தான் என்று அவனே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.

பருத்தி வெயிலில் கருகி ஒழிந்த பிறகு, தொட்டியில் வளர்த்த பூஞ்சையிலிருந்து நூற்றதுதான் உயிரிழை. உடம்பின் சூட்டில்தான் உயிர் வாழும். அதோடு, உடுத்தியவரின் உடம்பை மெல்ல மெல்லப் படித்துக்கொள்ளும். எப்படி உட்காருவார், எங்கே மூச்சை இழுப்பார், கோபம் வந்தால் எந்தத் தோளைத் தூக்குவார் என்று எல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். புதிதாக வாங்கியதைப் பச்சைத் துணி என்பார்கள். அது நெளியும், பறக்கும். பல வருஷம் ஒருவரே உடுத்தியது பழகிய துணி. அதை வேறொருவர் உடுத்தினால், பழைய ஆளின் நிமிர்வும் நிதானமும் புது ஆளுக்கு வந்துவிடும்.

சாதாரண வேலைக்கு இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. கோர்ட், வங்கி, நீர்வரம்பு ஆணையம் மாதிரியான பழைய கெடுபிடியுள்ள இடங்கள்தான் பார்க்கும். நேர்காணலுக்குப் பச்சைத் துணியில் போனால், செருப்புக் காலோடு பூஜையறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி பார்ப்பார்கள். ரவிக்கை முழங்கை வரை வேண்டும், தோடு ஒற்றைக்கல்லாக இருக்க வேண்டும், வளையல் ஓசை கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேலை அசையாமல் இருக்க வேண்டும். எந்தத் தெருவைக் காப்பது, எதைக் கடலுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறவர்கள் பதறாதவர்களாகத் தெரிய வேண்டுமாம். பிலோமி ஏற்கெனவே வங்கிக்கும் துறைமுகத்துக்கும் தன் சொந்தச் சேலையில் போய்விட்டு, கணக்கெல்லாம் சரியாகச் சொல்லியும் வெறுங்கையோடு திரும்பியவள்.

இந்த முறை நீர்வரம்பு ஆணையத்தில் நேர்காணல். அப்படித் திரும்ப முடியாது. அடுத்த மழைக்காலத்தில் கீழத்தெரு கடலுக்குப் போகிறது. தெருக்காரர்களை எங்கோ விருதுநகர்ப் பக்கம் குடியேற்றப் போகிறார்கள். தண்ணீரே இல்லாத ஊரில் மிதவைக்கு ஓட்டை அடைக்கிறவனுக்கு என்ன வேலை இருக்கும்? ஆணையத்தில் வேலை கிடைத்தால் மேட்டுக் குடியிருப்பில் வீடு தருவார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதனால்தான் பிலோமி, பழகிய துணிகளை இரவல் கொடுக்கும் தங்கமாரியின் உடையகத்துக்குப் போனாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“இது ஒரு வக்கீலம்மாவோடது. நல்லாப் பேச வரும். ஆனா சண்டைக்குப் போயிரும்” என்று ஒரு நீலச் சேலையை ஒதுக்கினான் தங்கமாரி. “இது ஹெட்மிஸ்ட்ரஸ். கட்டிட்டுப் போனியன்னா நீ அவங்களக் கேள்வி கேப்ப. வேண்டாம்.” கடைசியில் உள்ளறையிலிருந்து சாம்பல் நிறச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தான். கரையில் மெல்லிய கரும்பச்சை. மற்றத் துணிகள் எல்லாம் ஆளைக் கண்டதும் லேசாகச் சிலிர்த்துக்கொண்டிருக்க, அது மட்டும் அவன் கையில் அமைதியாகக் கிடந்தது.

“ஆணையத்துலயே இருந்த அம்மா. சுகந்தின்னு பேரு. இதக் கட்டிட்டு உக்காந்தாலே போதும், உள்ள இருக்கவங்களுக்குத் நம்ம ஆளு வந்த மாதிரி இருக்கும்.”

“உடுத்துனவங்களோட வீட்டு ஆளு இருக்க எடத்துக்கு அவங்க துணியக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு முறை உண்டுல்லா?”

“உண்டுதான். ஆனா அந்தம்மா காலமாயிட்டாவ. இது திருநெல்வேலி உடையகத்துல இருந்து வந்தது. அவங்க வீட்டு ஆளு இங்க எங்க இருக்கப் போறாவ?” என்றான் தங்கமாரி. யார் கொடுத்தது என்று அவன் விசாரிக்கவில்லை. பிலோமிக்கும் விசாரிக்கச் சொல்லத் தோன்றவில்லை. வீடு மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

நேர்காணல் நாளன்று சேலையைச் சுற்றிக் கொசுவம் செருகியதுமே உடம்புக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. தோள்கள் தாழ்ந்தன. மூச்சு நீண்டது. கைகள் இரண்டும் தாமாகவே வந்து மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. யாருடைய வீட்டிலோ விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்!

கஸ்பார் வாசலில் நின்று பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு” என்றான். பிறகு எதற்கோ இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஆணையத்தின் நேர்காணல் அறை உயரத்தில் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் பளபளத்தது. எது தெரு, எது கடல் என்று அங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ஓர் அம்மையார், திரையிலிருந்து கண்ணை எடுக்காத இளைஞர் ஒருவர், நடுவில் தலைவர் வேதமுத்து. நரைத்த மீசை, பழகிய வெள்ளைச் சட்டை. பிலோமி உள்ளே நுழைந்ததும் அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன. வாடைக்காற்றும் பௌர்ணமி ஓதமும் சேர்ந்தால் எந்த மதகை முதலில் திறப்பது, ஒரு தெருவை விட்டுக்கொடுத்தால் பக்கத்துத் தெருவில் எவ்வளவு ஏறும் என்றெல்லாம் கேட்டார்கள். கணக்கு பிலோமிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவள் சொன்ன பதில்கள் அவள் குரலில் வரவில்லை. தாழ்ந்து, இடைவெளி விட்டு, ஒவ்வொரு சொல்லாக வந்தன. அவள் எங்கோ தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு, மேலே யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மையாரின் முகத்தில் திருப்தி தெரிந்தது. இளைஞர்கூடத் திரையை விட்டு நிமிர்ந்தார்.

அப்போது இடுப்பளவு நீரில் நிற்கும் பழைய மாதா கோயிலில் நண்பகல் மணி அடித்தது.

பிலோமியின் இடதுகை மடியை விட்டு எழுந்தது. அவள் எழுப்பவில்லை. அது மேசையின் மேல் நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து காத்திருந்தது. வேதமுத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியை நிறுத்தாமலே சட்டைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்தார், பிரித்தார், இரண்டாக உடைத்தார். பாதியை அந்தக் கையில் வைத்தார். மறுபாதி தன் வாய்க்குப் போகும் வழியில்தான் அவர் கை நின்றது.

அம்மையார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவல் உடையைப் பற்றி நேர்காணலில் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லோரும் இரவல் வாங்கித்தான் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை. பிலோமியும் கையை இழுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். சேலையும் அதைத்தான் சொல்லிற்று. ஆனால் எதிரே இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை. வீடு கைநழுவிப் போகிறது என்று தெரிந்தே சொன்னாள்.

“சார், மன்னிச்சுக்கிடுங்க. இது என் கை இல்ல.”

மற்ற இருவரும் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்கள். கெடுபிடியான இடத்திலும் நல்ல மனிதர்கள் உண்டு.

“தெரியும்மா” என்றார் வேதமுத்து. “நீங்க கதவத் தொறந்து வரும்போதே தெரியும். வேற யாரும் அப்படி நடந்து நான் பாத்ததில்ல. என் வீட்டுக்காரி. இதே ஆபீஸ்தான். மத்தியானம் மணி அடிச்சா அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி.” கையில் இருந்த துண்டைப் பார்த்தார். “பீரோவுலதான் வச்சிருந்தேன். உடம்புச் சூடு இல்லாம இழை காய ஆரம்பிச்சுது. எங்கயாவது யார் மேலயாவது உசுரோட இருக்கட்டும்னு திருநெல்வேலில போய்க் குடுத்தேன். இங்க வரக் கூடாதுன்னுதான் அங்க குடுத்தேன்.”

பிலோமி எழுந்தாள். “நான் போயிட்டு வாரேன் சார்.”

“உக்காருங்க. கணக்கு உங்களோடதுதான? சுகந்திக்கு ஓதக் கணக்கு சுத்தமா வராது. அவ சட்டப் பிரிவு.” லேசாகச் சிரித்தார். “வேலை உங்களுக்குத்தான். அது கணக்குக்காக. இன்னொண்ணு கேக்கணும். கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்கேன். முடியாதுன்னு சொன்னாலும் வேலை உண்டு. எப்படியும் இங்க பழகின துணிதான் கட்டணும். தெனமும் இதையே கட்டிட்டு வாரியளா?”

“கட்டக் கட்ட இது என்னை மாதிரி ஆயிரும் சார். அவங்க இருக்க மாட்டாங்க.”

“பீரோவுக்குள்ள காஞ்சு போறதுக்கு, ஒரு ஆளு மேல இருந்துக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமா மறந்து போகட்டும்” என்றார் வேதமுத்து. அதற்குப் பிறகு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிலோமி சரி என்றாள்.

மேட்டுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. மாடியில் நின்றால் கீழத்தெரு தெரியும். மழைக்காலத்தில் ஒருநாள் அது அலைக்கு அடியில் போவதைக் கஸ்பாரும் அவளும் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்தார்கள். இருவருக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கடல் பக்கத்திலேயே இருந்தது, மிதவைகளும் இருந்தன, கஸ்பாருக்கு வேலையும் இருந்தது.

ஆணையத்தில் தினமும் நண்பகல் மணிக்கு அந்தக் கை நீளும். வேதமுத்து பாதி மிட்டாயை வைப்பார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு யாராவது கவனித்திருந்தாலும் கவனிக்காதவர்களாகவே இருந்தார்கள். மாதங்கள் போகப் போகச் சேலை இளகியது. காலையில் கொடியில் லேசாக அசையத் தொடங்கியது. பிறகு கூட்டங்களில் பிலோமியின் விரல்கள் மடியில் துள்ளின. ஒருநாள் மதகைப் பற்றிப் பேசும்போது வலதுகை தானாக எழுந்து காற்றில் ஓர் அலையையே வரைந்துவிட்டது. அம்மையார் தம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஒரு நண்பகல் மணி அடித்தது. கை எழவில்லை.

வேதமுத்து மிட்டாயை உடைத்துவிட்டிருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு இரண்டு பாதியையும் அவரே சாப்பிட்டுவிட்டு, கோப்புகளை மூடிவிட்டு வெளியே போனார். பிலோமி லிஃப்டுக்குள் நின்று அழுதாள். யாரையோ தன் கையாலேயே அனுப்பிவைத்துவிட்டு வந்தது போல இருந்தது. அந்தக் கையைத் தானாகவே நீட்டியிருக்கலாமே என்று நினைத்தாள். அது பொய்யாக இருந்திருக்கும் என்றும் நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்பாரும் அவளும் வீட்டில் இருந்தார்கள். பிலோமி உடுத்தியிருந்தது அவளுடைய சொந்த வீட்டுப் புடவை. பறக்கும் புடவை. ஆனால் அது அன்று பறக்கவில்லை. கஸ்பார் சாளை மீனைப் பொரித்துக்கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவள் அந்த வாரத்துக் கதையெல்லாம் சொன்னாள், மணிக்கு நீளும் கையின் கதையை மட்டும் எப்போதும்போல விட்டுவிட்டு. அவன் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியே?”

“சொல்லுங்க.”

“நீ இப்பல்லாம் வீட்ல கையை ஆட்டிப் பேசுறதே இல்ல. எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நான் தம்ளர இன்னமும் தள்ளித்தான் வைக்கேன்.”

பிலோமி குனிந்து பார்த்தாள். கைகள் இரண்டும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வந்த குரல் தாழ்ந்து, இடைவெளி விட்டு வந்தது. இரவல் துணி எதுவும் உடம்பில் இல்லை. சேலை அவளைப் படித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவளும் சேலையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கீழே நீரில் மாதா கோயிலின் நண்பகல் மணி அடித்தது. அவளுடைய இடதுகை எழுந்து, மேசையின் மேல் கஸ்பாரை நோக்கி நீண்டு விரிந்தது.

“என்னட்டி வேணும்?” என்றான் கஸ்பார்.

கண்ணீர் தாரையாக வழிந்தது. தன் கைகள் போய்விட்டதற்காகவா, சுகந்தி போகாமல் இருப்பதற்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாளை வேதமுத்துவிடம் இதைச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். இங்கே இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது?

கஸ்பார் என்ன கொடுப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தான். பிறகு எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அதையே அந்த உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. அழாதே, அழாதே என்று சொல்லியபடி அவன் அதைத் தடவிக்கொண்டே இருந்தான், தான் யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல்.