போயிட்டு வரேன்க்கா

அன்று பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்புகளை விட்டுத் தேய்க்கும் இஸ்திரிக்காரர், அந்த இயந்திரத்தின் பொத்தானுக்கும் கூடத்தின் சாவிக்கும் பொறுப்பான பெரியக்கா, தேய்த்து வந்ததை மடிக்கும் அண்ணியும் நாத்தனாரும், கையில் ஒரு காகிதத்தோடு சூப்பர்வைசர். எண்ணினால் ஐந்து பேர்.

பெரியக்கா இரண்டு முறை எண்ணினாள். ஒரு மாதமாக அவளுக்கு அந்தப் பழக்கம்.

இஸ்திரிக்காரர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. மீதி இரண்டை வைத்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்.

அந்தக் கூடத்தில் இரைச்சல் அதிகம், பேச்சு எடுபடாது. அதனால் வேலைக்கு இரண்டே சொல். விரிப்பு சுருண்டுகொண்டால் அவர் “கை!” என்று கத்துவார். பெரியக்கா உருளையை நிறுத்துவாள். அவர் கையை உள்ளே விட்டுச் சுருக்கத்தை இழுத்துவிட்டு, கையை எடுத்த பிறகு “ஆச்சு!” என்பார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. திரும்பிப் பார்ப்பது மட்டும் எப்போதோ நின்றுபோனது.

விபத்து நடந்த காலையிலும் அவர் “கை!” என்றார். உருளை நின்றது. நாத்தனார், யாரோ ஒருத்தி புருஷனை விட்டு ஓடிப்போன கதையை அளந்துகொண்டிருந்தாள். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அப்புறம்?” என்றாள் அண்ணி.

“அப்புறம் என்ன, எல்லாம் ஆச்சு!” என்றாள் நாத்தனார்.

பெரியக்கா அழுத்தினாள்.

கேட்டது பெண்குரல் என்று அழுத்தும்போதே அவளுக்குத் தெரியும். விரல் மனதை விட வேகமாகப் போய்விட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கூடத்தில் வெந்த வாடை நின்றது. எல்லாரும் அவளைப் பார்க்கத் தொடங்கிய அந்த ஒரு நொடியில் அவள் வாய் தானாகத் திறந்தது.

“இவதான்! காலையில என்ன சொன்னா? ‘கையப் பாத்துக்கோங்கண்ணே, இன்னிக்கு மெஷின் பசியா இருக்கு’ன்னு சொன்னாளா இல்லையா? கருநாக்கு! இவ சொன்னா நடக்கும்!”

சுட்டிக்காட்டப்பட்டவள் புதிதாகச் சேர்ந்தவள். மடிக்கும் மேசையின் மூன்றாவது ஆள். இடது கையால் மடிப்பாள் என்பதால் எல்லாருக்கும் அவள் ‘இடதுகை’. அவள் மடித்த விரிப்பின் வாய் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். சின்ன வயது, யாருமில்லாதவள், வாய்த்துடுக்கு. வேறென்ன வேண்டும்?

சொல் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு குழாயில் தண்ணீர் நின்றாலும் அவள் பார்த்த பார்வை, அண்ணிக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் விட்ட பெருமூச்சு. சாப்பாட்டுப் பலகையில் அவளுக்கு இடம் விடவில்லை. பொத்தானை யார் அழுத்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் சூப்பர்வைசர் அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரே ஒருத்தியைத்தான் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் பாத்தேன்க்கா. யார்கிட்டயும் சொல்லல. போயிட்டு வரேன்க்கா.”

பெரியக்கா உருளைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடதுகை போன இடத்திலெல்லாம் ‘கருநாக்கு’ என்ற அந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வேலை கிடைக்கவில்லை. ஒற்றை அறையில் காய்ச்சலாகக் கிடந்தாள். பக்கத்து வீட்டார் காதிலும் விழுந்திருந்ததால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மாலை பெரியக்காவின் போன் அவள் எண்ணைக் காட்டி மூன்று தடவை அடித்தது. பெரியக்கா எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் கதவை உடைத்தபோது அவள் செத்துக் கிடந்தாள்.

‘போயிட்டு வரேன்’, போகும்போது எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அவள் சொன்னால் நடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் பெரியக்கா.

அடுத்த வாரமே அடுக்கில் ஒரு விரிப்பு எதிர்ப்பக்கம் வாய் திறந்திருந்தது.

பெரியக்காவே பிரித்து மடித்தாள். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒரு வரிசை.

“மூலையைப் பிடிங்க அண்ணி, கனவு கண்டது போதும்” என்று இன்று நாத்தனார் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ வாய மூடு, நான் மூலையப் பிடிக்கிறேன்” என்றாள் அண்ணி.

சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டினார். “விபத்து பத்தி மேல கேக்கறாங்க. பொத்தானை அழுத்துனது செத்துப்போன அந்தப் பொண்ணுன்னு எழுதியாச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க மட்டும் பாக்கி பெரியக்கா. செத்தவள யாரு போய் வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க?”

“இந்த ஒரு கட்டு ஓடட்டும். போடறேன்” என்றாள்.

உருளை சுற்றியது. கஞ்சி வாடையும் ஆவியும் முகத்தில் அடித்தன. விரிப்பு சுருண்டது.

“கை!” என்றார் இஸ்திரிக்காரர். உருளை நின்றது. இப்போது அவருடைய இடது கை உள்ளே போனது.

உலர்த்தும் அறைப் பக்கமிருந்த வெளிச்சம் ஒரு கணம் மங்கியது. ஈரத்துணி வாடை. காய்ச்சல்காரர் மூச்சைப் போல் ஒரு சூடு, பிடரியில்.

“ஆச்சு.”

அவள் விரல் பொத்தானைத் தொட்டது.

பெண்குரல்.

மடிக்கும் மேசையைப் பார்த்தாள். அண்ணியின் பல்லிடுக்கில் கிழிசல் தைக்கும் ஊசி இருந்தது. நாத்தனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது.

“ஆச்சுக்கா.” மிக அருகில். பொறுமையாக.

பெரியக்கா பொத்தானிலிருந்து கையைப் பிய்த்து எடுத்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் அழுத்தினேன்” என்றாள். “அன்னிக்கும் நான்தான். திரும்பிப் பாக்கல. அந்தப் புள்ள ஒண்ணுமே பண்ணல. கருநாக்குன்னு நான்தான் கட்டி விட்டேன்.”

இஸ்திரிக்காரர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். ஐந்து விரலையும் ஒரு தடவை மடக்கி விரித்தார்.

“இன்னிக்குத் திரும்பிப் பாத்தீங்களே” என்றார். “அன்னிக்கும் இப்படிப் பாத்திருக்கக் கூடாதாக்கா?”



அண்ணிதான் முதலில் பின்வாங்கினாள். நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அவ கண்ணப் பாக்காதடி. ஒரே வார்த்தையில ஒருத்திய மண்ணுக்குள்ள அனுப்பிட்டா. இத்தன நாள் சூனியக்காரி பக்கத்துலயா உக்காந்து தின்னோம்?”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று ‘ஆச்சு’ என்றது தான்தான் என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. பெரியக்காவும் சொல்லவில்லை.

அண்ணி சொன்னது தப்பு என்று பெரியக்காவுக்குத் தோன்றவில்லை. எலுமிச்சம்பழமும் மண்டையோடும் வேண்டாம். சொல்ல ஒரு வாய், நம்ப நாலு பேர், போதும். அந்தக் கூடத்தில் சூனியக்காரி ஒருத்திதான் இருந்தாள். அவள் வலது கையால்தான் பொத்தானை அழுத்துவாள்.

“கிளம்புங்க” என்றார் சூப்பர்வைசர், காகிதத்தை மடித்துக்கொண்டே.

அவள் பையை எடுத்தாள். வாசலைத் தாண்டி வெளியே நின்றாள். வெயில் கண்ணைக் குத்தியது. வாய் பழக்கத்தில் எப்போதும் சொல்வதைச் சொல்லப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். இனி இந்தப் படி ஏறுவதில்லை.

“போறேன்” என்றாள்.

நால்வரும் கூடத்தின் அந்தக் கோடியில், இயந்திரத்தை ஒட்டி நின்றார்கள். ஒருவர் உதடும் அசையவில்லை.

பதில் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“போயிட்டு வாங்கக்கா.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. அதற்கு இருந்த ஒரே சாவி வெளியே நின்ற பெரியக்காவின் கையில் இருந்தது.