ஒற்றை ஆள் பரண்

பெட்டியின் ஒட்டுநாடாவை விபினின் கண் முன்னால்தான் பிச்சைக்கனி கத்தியால் கீறினார். உள்ளே எல்லாம் புதிது. இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, பிளாஸ்டிக் உறை கசங்கவில்லை. கால்வார்கள் மட்டும் அப்படி இல்லை. மிதிபலகையில் பாதங்களை நுழைப்பதற்கென்று இருந்த இரண்டு வார்களும் ஏற்கெனவே இறுக்கப்பட்டிருந்தன. துளையில் கொக்கி மாட்டி, மிச்ச நுனியை மடித்துச் செருகி, யாரோ அளவு பார்த்துக் கட்டியிருந்தார்கள். சின்னப் பாதத்தின் அளவு.

"இது வேற யாருக்காவது காட்டினதா?"

"பெட்டியே இப்பத்தானே தம்பி கீறினேன்."

ஆரியசாலையின் அந்தக் கடைக்குள் கயிற்று நாரின் மணமும், பக்கத்து மொத்தக்கடையிலிருந்து காற்றில் ஏறிவந்த வற்றல் மிளகாயின் காரமும், வாசலில் பின்னோக்கி வந்துகொண்டிருந்த லாரியின் புகையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. விபின் குனிந்து வார்களைத் தன் செருப்பின் அளவுக்குத் தளர்த்தினான். நான்கு துளை தள்ள வேண்டியிருந்தது.

ஏணி, மருந்தடிக்கும் பம்பு, தென்னை ஏறும் மிஷின் என்று இருபது வருடமாக விற்கும் கடை. பன்றியைச் சுடப் பஞ்சாயத்துகள் அனுமதி கொடுக்கத் தொடங்கிய பிறகு, மரத்தில் மாட்டும் பரண்களையும் பிச்சைக்கனி வரவழைத்து வைத்திருந்தார்.

"மூணு தினுசு இருக்கு. ஏணி வச்சது, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். நாப்பது கிலோ. அடுத்தது பெல்ட் போட்டு மரத்துல தொங்கவிடுறது, அதுக்குப் படி தனியா மாட்டணும். இது தானே ஏறுறது. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. நம்ம தென்னை மிஷினோட அண்ணன்னு வைங்களேன். அதுல நின்னுக்கிட்டே ஏறணும், இதுல உக்காந்து உக்காந்து ஏறலாம். ஆனா ஒத்தை ஆளுக்குத்தான்."

மாமனார் ராஜையன் சொல்லி அனுப்பியது இரண்டு பேருக்கானது. துப்பாக்கி லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. அவர் சுட, விபின் டார்ச் அடிக்க வேண்டும்.

"ஏறின பிறகு அந்த ஏணியைத் தனியா எடுத்துட முடியுமா?"

"எதுக்கு எடுக்கணும்?"

"கீழேயிருந்து எதுவும் ஏறி வராம இருக்க."

பிச்சைக்கனி சிரித்தார். "பன்னி ஏணி ஏறாது தம்பி."

விபின் சிரிக்கவில்லை. "இதுல?"

"இதுல நீங்க மேல போய்ட்டா ஒங்க பின்னால ஒரு பய வர முடியாது. மிஷினும் ஒங்க கூடவே மேல வந்துருதே."

அதையே எடுத்துக்கொண்டான்.

பெட்டிக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய கயிறு கிடந்தது. இரண்டு முனையிலும் சின்னக் கொக்கி. பிச்சைக்கனி அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். "தென்னை மிஷின்ல இப்படி ஒண்ணு கெடயாதே. பாக்கிங் கயிறா இருக்கும். வண்டில வச்சுக் கட்டிக்கிடுங்க, தோதா இருக்கு."

விபினும் பதினைந்து வயதிலேயே தென்னை மிஷினில் ஏறிப் பழகியவன். அதில் இரண்டு காலுக்கும் இரண்டு துண்டு. நடுவில் எதுவும் கிடையாது. விளக்கத்தாள் பெட்டியில் இல்லை, இருவரும் தேடவும் இல்லை. பரணை பைக்கின் கேரியரில் வைத்துப் பச்சைக் கயிற்றால் கட்டினார்கள்.

நெய்யாற்றின்கரை தாண்டி மலையடிவாரத்து ஏற்றங்கள் தொடங்கியதும் வண்டி திணறியது. பதினொரு கிலோ பெட்டிக்கு அப்படித் திணறக்கூடாது. கியரைக் குறைத்தான். முதுகில் ஏதோ பட்டுக்கொண்டே வந்தது. பெட்டியின் மூலையாக இருக்கும் என்று நினைத்தான். வீட்டில் இறங்கிப் பார்த்தபோது பெட்டிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது.

ராஜையன் முற்றத்தில் வந்து நின்று பார்த்தார். சர்க்கரையால் ஒரு கால் வீங்கியிருந்தது.

"ஒத்தைக்கு உள்ளதா? மருமவனே, ரெண்டு பேருக்கு உள்ளதுன்னல்லா சொல்லிவிட்டேன். நான் சுடவா, லைட் அடிக்கவா?"

"இதான் நல்லது மாமா."

"அப்பம் நீங்க முதல்ல ஏறிப் பாத்துச் சொல்லுங்க. ரோட்டுப்பக்கத்து அயினி நேரா நிக்கும், கீழே கொப்பு ஒண்ணும் கெடயாது."

"வேற மரம் பாக்கலாமே."

"வேற மரம் எதுக்கு? அது வாறது அந்த வழியாக்கும். எம் பிள்ளையெ அது..." பெரியவர் நிறுத்தி வீங்கிய காலை மாற்றி வைத்தார். "கொன்னா மண்ணெண்ணெய் ஊத்திக் குழியில மூடணும்னு பஞ்சாயத்துல சொல்லியிருக்கு. எறச்சி எடுக்கப்படாதாம். நான் எறச்சிக்கா காத்திருக்கேன்? மண்ணெண்ணெய் நாலு மாசமா வாங்கி வச்சிருக்கேன்."

மாமியார் ஜெயபாய் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"மக்களே, அன்னைக்கு அவ கடைசியா ஒண்ணும் சொல்லல்லியா? ஒரு வாக்கு?"

"எனக்கு ஓர்மை இல்ல மாமி. நான் மயங்கிக் கெடந்தேன்."

"எல்லா நாளும் கேக்கியேன்னு வெசனப்படாதீங்க."

"இல்ல மாமி."

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவன் பரணைத் தோளில் போட்டுக்கொண்டு அயினி மரத்தடிக்குப் போனான். சாலைக்கு இந்தப் பக்கம் அயினி, அந்தப் பக்கம் மண்திட்டின் மேல் முந்திரி காய்க்கும் ஒரு கொல்லாமரம், இரண்டையும் சுற்றி ரப்பர்த் தோட்டம். சிரட்டைகளில் தேங்கிப் புளித்த பாலின் நாற்றமும் மழையில் ஊறி மக்கிய இலைகளின் மணமும் தரையோடு படிந்து கிடந்தன. சில்வண்டுகள் ஒரே குரலில் கத்தி, ஒரே நொடியில் நிறுத்தி, எதையோ கேட்டுவிட்டு மறுபடி தொடங்கின.

பல் வைத்த கம்பிவடத்தை மரத்தைச் சுற்றி வளைத்து மேல்துண்டைப் பூட்டினான். பிறகு கீழ்த்துண்டை. கால்வார்களைப் பார்த்தான். நேற்று கடையில் தளர்த்தியவை பழையபடி இறுகியிருந்தன. நுனி அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தது.

ஜெயபாய் தொட்டிருப்பாள். ராஜையன் தொட்டிருப்பார். கொக்கியைக் கழற்ற முயன்றான். அது அசையவில்லை. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் பாதங்களை நெருக்கித் திணித்தான். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இடுப்புப் பெல்ட்டை மரத்தோடு சுற்றி மாட்டினான்.

ஏறுவது எளிதாகவே இருந்தது. மேல்துண்டில் உட்கார். காலால் மிதிபலகையை இழுத்து உயர்த்து. பற்கள் பட்டையைக் கிழித்துக்கொண்டு வரும், கிறீச். அழுத்தினால் கவ்வும், டக். எழுந்து நின்று மேல்துண்டைத் தூக்கு. உட்கார். ஒவ்வொரு முறையும் ஒன்றரை அடி. பெல்ட்டையும் கூடவே நகர்த்தினான். பட்டையின் பிசின் கையில் ஒட்டியது. கீழே தரை கறுத்துக்கொண்டு வந்தது. மேலே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. இருபதடி ஏறியதும் நிறுத்தி உட்கார்ந்தான்.

நான்கு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. இங்கே எதுவும் வராது.

அப்போதுதான் எதிரே கொல்லாமரம் தெரிந்தது. மேலிருந்து பார்த்ததால் அதன் கவட்டை நன்றாகத் தெரிந்தது. அந்த இடத்தை அவனுக்குத் தெரியும்.

அவன் மயங்கவில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்து மனைவி ஆர்ஷாவும் அவனும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இடதுபுறத்திலிருந்து பன்றி வந்து இடித்தது. இருவரும் விழுந்தார்கள். அவனுக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும். அவளால் எழ முடிந்தது, நிற்க முடியவில்லை. பன்றி ரப்பருக்குள் ஓடி, நின்று, திரும்பியது. அவன் ஓடிப்போய்க் கொல்லாமரத்தில் ஏறிக் கவட்டையில் உட்கார்ந்தான். அவள் ஒரு காலை இழுத்துக்கொண்டு மரத்தடிவரை வந்துவிட்டாள்.

"அத்தான், கை தாங்க."

மூன்று தடவை சொன்னாள். கத்தவில்லை. பஸ்ஸில் ஏறக் கை கேட்பதுபோலத்தான் கேட்டாள். இரண்டாம் தடவை அவளுடைய விரல்கள் அவன் குதிகாலைத் தொட்டன. அவன் காலை மேலே மடக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கீழே நடந்தது. நெடுநேரம் நடந்தது. அவன் பார்த்தான்.

இப்போது அந்தக் கவட்டையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தான். செருப்பு. வெள்ளை வார், நடுவில் நீலப் பூ. அதன் ஜோடியை போலீஸ் கொண்டுவந்து கொடுத்து ஜெயபாய் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். இது கிடைக்கவில்லை என்றிருந்தார்கள். அவள் அந்த மரத்தில் ஏறவே இல்லை. ஒரு அடிகூட.

இறங்க வேண்டும். விரல்கள் மரத்துவிட்டிருந்தன. இரத்தம் ஓடட்டும் என்று பாதங்களை வார்களிலிருந்து பிடுங்கினான்.

மிதிபலகை சாய்ந்தது. கவ்வியிருந்த பற்கள் விட்டன. சர்ர்ரென்று கீழே போனது.

அவன் கால்கள் வெறும் காற்றில் தொங்கின.

அப்போது புரிந்தது. அந்தப் பச்சைக் கயிறு பாக்கிங் அல்ல. மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் இணைக்க வேண்டிய கயிறு. வீட்டு முற்றத்தில், பைக்கின் கேரியரில், கட்டிய முடிச்சோடு கிடந்தது. கைபேசி கட்டிலில் கிடந்தது.

"மாமா!"

வளைவுக்கு அப்பாலிருந்து பாட்டு கேட்டது. குடும்ப ஜெபம் தொடங்கிவிட்டது. கொசுவுக்காகக் கதவைச் சாத்திவிட்டுப் பாடுவார்கள். பாட்டு முடிந்தால் ஜெயபாய் ஜெபிப்பாள். அவனுக்காகவும் ஜெபிப்பாள். அதற்கே கால்மணி நேரம் ஆகும்.

"மாமி!"

பாட்டு ஓங்கியது.

பிறகுதான் அது உறைத்தது. பலகை கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. இருபதடியிலிருந்து இரும்பு தரையில் விழுந்தால் கேட்க வேண்டும். இலைமேல் விழுந்தாலும் கேட்க வேண்டும்.

சில்வண்டுகள் நின்றன.

கீழே, வெகு கீழே, கொக்கி விழும் சின்னச் சத்தம். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. இரண்டு கால்களுக்கும்.

கிறீச்.

டக்.

கீழ்த்துண்டு தனியாக ஏறாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். மேல்துண்டு அவனுக்கு அடியில் இருந்தது. அது இல்லாமல் ஏறுவதென்றால் மரத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும். கைகளால். உடம்பின் எடை முழுவதையும் தூக்கி.

பட்டையின்மேல் உள்ளங்கை பதிந்தது. பத். இன்னொன்று. பத். நகங்கள் பிடி தேடின.

கிறீச்.

டக்.

ஒரு கால் இழுபட்டது. அந்தத் தாளம் அவனுக்குத் தெரிந்தது. பலகையின் வலது பக்கம் ஒழுங்காக ஏறியது. இடது பக்கம் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது.

"மாமா! மாமா!"

பாட்டு முடிந்தது. ஜெயபாயின் குரல் மட்டும் மெல்லக் கேட்டது. சொற்கள் புரியவில்லை. அவன் பெயர் மட்டும் புரிந்தது.

பத். பத். கிறீச். டக்.

மரம் லேசாக அதிர்ந்தது. ஈரமண்ணின் மணம் ஏறி வந்தது. அதற்குள் இன்னொரு மணம். தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய், பழையதாகி.

கொல்லாமரத்தைப் பார்த்தான். கவட்டையில் செருப்பு இல்லை.

பெல்ட் கொக்கியைத் தேடினான். அவிழ்த்தால் குதிக்கலாம். இருபதடி. குதித்தால் அதைத் தாண்டித்தான் விழ வேண்டும். கொக்கி அசையவில்லை. பெல்ட் இறுகியிருந்தது. அவன் மாட்டியபோது இவ்வளவு இறுகியிருக்கவில்லை. நுனி அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தது.

டக்.

தொங்கிய கால்களுக்கு நேர் கீழே அது நின்றது.

குனிந்தான். மிச்சமிருந்த வெளிச்சம் அதற்குப் போதுமாக இருந்தது. மிதிபலகையில் இரண்டு சின்னப் பாதங்கள். வார்கள் அளவாக இருந்தன. ஒரு பாதம் வெறுமையாக. மற்றதில் வெள்ளை வாரும் நீலப் பூவும். முகம் மரத்தோடு ஒட்டியிருந்தது. கூந்தலில் மக்கிய ரப்பர் இலை. ஒரு கை மரத்தைச் சுற்றியிருந்தது.

மற்றக் கை மேலே நீண்டது. உள்ளங்கை விரிந்திருந்தது. அவசரமில்லாமல் காத்திருந்தது.

விரல்நுனிகள் அவன் குதிகாலைத் தொட்டன.

அவன் காலை மேலே மடக்கிக்கொண்டான்.

கிறீச். டக்.

கை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. விரித்தது விரித்தபடியே.