பின்னால் வருபவன் மூடுவான்

பாலத்தடியில் வேனிலிருந்து சைக்கிள்களை இறக்கும்போதே யெர்கோவின் முகத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவனின் முகத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் அது தெரிந்துவிடும் என்பது என் கட்சி. அவன் பாட்டுக்கு டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு, சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த தம்பதிக்குச் சரளையில் எப்படி வளைவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். என் மனைவி மிர்தாவின் தம்பி. எங்கள் சைக்கிள் சுற்றுலாவில் பல வருடமாக எங்களோடு ஓட்டுகிறவன். அவனைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

அந்தச் சாலையில் மோட்டார் வண்டி வராது. மலை வெடித்த வருடம் சேற்று வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அரசாங்கம் திரும்பக் கட்டவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அதே இடத்தில் போட்ட, முகப்பில் கதவு வைத்த பலகைப் பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்தால், அந்தப் பக்கம் ஏரி வரைக்கும் கருஞ்சரளைப் பாதை. இரண்டு பக்கமும் எரிமலை கக்கி உறைந்த கற்கள். ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. அதற்காகத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சாப்பாடு.

ஆனால் பாதை முழுவதும் எர்மின்டா அம்மாளின் மேய்ச்சல் நிலத்துக்குள் போகிறது. வழி நெடுக மரக் கேட்டுகள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்: கேட்டைத் தாண்டுகிறவர்களில் கடைசி ஆள் அதை மூடவேண்டும். பின்னால் இன்னொருவர் வந்தால் திறந்து விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அவர் கையைத் தூக்கிக் காட்டவேண்டும். நீ போ, நான் மூடிக்கொள்கிறேன் என்று அர்த்தம். குதிரைக்காரனானாலும் சைக்கிள்காரனானாலும் அந்தக் கையை நம்பித்தான் போகிறோம்.

அந்தக் கோடையில் ஒரு கேட் மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து கிடந்தது. ஏரிக்கு மிக அருகில், கருகிய மரங்களுக்கு நடுவே இருக்கிற கேட். கடைசியாக ஒரு கிடாரி அதன் வழியே வெளியேறி, கற்பரப்பில் கால் முறிந்து கிடந்தது. எர்மின்டா அம்மாள் தன் கையாலேயே அதைச் சுட வேண்டியதாயிற்று. மறுநாள் குதிரையில் எங்கள் வாசலுக்கு வந்தாள். இறங்கவில்லை. மிர்தா நீட்டிய மாத்தே தேநீர்க் குவளையையும் வாங்கவில்லை.

"லிசார்டோ, இன்னொரு தடவை அந்தக் கேட் தொறந்து கெடந்துச்சு, பாலத்துக்கே பூட்டு போட்டுருவேன். அப்புறம் உங்க சைக்கிளை ஆத்துல ஓட்டிக்குங்க."

எப்போதும் கடைசி ஆளாக வருவது யெர்கோதான். அவனைக் கேட்டேன். பின்னால் ஒருத்தர் சைக்கிளில் வந்தார், கை காட்டினார், அதனால் விட்டுவிட்டு வந்தேன் என்றான். யார் என்றால் தெரியாது என்றான். ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஏரிக்குப் பின்னால் மலைதான். அங்கிருந்து யாரும் வர முடியாது. ஏரிக்கரையில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். பிறகு யார் அந்த ஆள், ஏரிக்குள்ளிருந்து எழுந்து வந்தானா? உன் தம்பி தன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சைக்கிளும் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று மிர்தாவிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் வைத்து, கடைசி ஆளாக நானே வருகிறேன் என்று சொன்னேன்.

யெர்கோ காற்றடிக்கும் குழாயைக் கீழே வைத்தான்.

"மச்சான், நெஜமாவா சொல்றீங்க?"

"ஏன், என் கால்ல வலு இல்லேங்கிறியா?"

"அதில்ல. அந்தக் கேட்டுக்கிட்ட திரும்பிப் பாக்காதீங்க. மூடிட்டு வந்துருங்க. பாத்தா அவன் கையைத் தூக்குவான். தூக்கிட்டா மூட மனசு வராது."

சாக்கு என்றால் இதுதான் சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரி வரைக்கும் ஒன்றுமில்லை. சாந்தியாகோக்காரர்கள் படம் எடுத்தார்கள், வறுத்த பைன் கொட்டையைச் சாப்பிட்டார்கள். நான் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. ஈர மணலில் எங்கள் டயர் தடங்களைத் தவிர வேறு தடம் இல்லை. பிற்பகல் வெயில் சாய ஆரம்பித்ததும் திரும்பினோம். யெர்கோ முன்னால், அவர்கள் நடுவில், நான் கடைசியில்.

கருகிய மரங்களுக்குள் காற்று நின்றுவிடும். இலையில்லாத மரங்கள், சலசலக்க ஒன்றுமில்லை. கந்தக வாடை மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. முன்னால் போனவர்கள் கேட்டைத் திறந்து தாண்டிப் போய்விட்டார்கள். நான் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கேட்டைப் பிடித்தேன்.

அப்போது சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது.

மெதுவாக, சீராக, பின்னாலிருந்து.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பயமில்லை. யெர்கோ ஆள் ஏற்பாடு செய்திருக்கிறான் என்று நினைத்தேன். எவனோ ஒரு கூட்டாளியை விடியற்காலையிலேயே கொண்டுவந்து மலைப்பக்கம் பதுக்கி வைத்திருக்கிறான். யாரென்று பார்த்துவிடலாம் என்று திரும்பினேன்.

வளைவில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். தலைமுதல் கால்வரை சாம்பல் நிறம். ஹெல்மெட்டா, முடியா, ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. அவசரமே இல்லாமல் மிதித்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

என் கை கேட்டை விட்டுவிட்டது.

அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. சத்தம் போட்டு யாரென்று கேட்கத்தான் திரும்பினேன். ஆனால் அந்தக் கை தூக்கியதும், பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு தானாகத் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிக்கொண்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. நான் கிளப்பிய கருந்தூசி இன்னும் பாதைமேல் அடங்காமல் நின்றது. அவனுக்குப் பின்னால் ஒரு துளி தூசி கிளம்பவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.

திறந்த கேட்டின் நடுவில் நின்றிருந்தான். தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

போய் மூட எனக்குத் தைரியம் வரவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அடுத்த கேட்டில் யெர்கோ காத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேட்டைத் தானே மூடிச் சங்கிலியை மாட்டினான். மாட்டும்போது பின்னால் பார்க்கவில்லை. மற்ற கேட்டுகளையெல்லாம் இத்தனை நாளும் அவன் அப்படித்தான் மூடிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவன் தோளில் கை போட்டேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பாலத்தில் பூட்டுத் தொங்கியது.

நாங்கள் இருவரும் எர்மின்டா அம்மாளைப் பார்க்கப் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால்கூடத் தேவலை. மச்சானும் மச்சானும் ஒரே பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்றாள். யெர்கோவின் கண்ணைப் பார்த்துப் பேசக்கூட மறுத்தாள். கடைசியில் ஒரு வழி சொன்னாள். இந்த வாரம் முழுக்க ஒரு சைக்கிளும் உள்ளே வராது. அந்தக் கேட்டை அவளே மூடிவைப்பாள். அதற்கு மேலும் திறந்து கிடந்தால் எங்கள்மேல் தப்பில்லை, பூட்டைக் கழற்றுவாள். மூடியே இருந்தால் தப்பு யெர்கோவுடையது. பாதை எப்போதைக்குமாகப் போயிற்று.

அந்த வாரம் நாங்கள் வேண்டிக்கொண்டதை வெளியில் சொல்ல முடியாது. கேட் திறக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் மிர்தா சோப்பாய்ப்பியா அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள். யெர்கோ எனக்கு எதிரே உட்கார்ந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. எர்மின்டா அம்மாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

வாரம் முழுக்கக் கேட் மூடியபடியே இருந்தது என்றாள். இன்றைக்குக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஏரிவரை குதிரையில் போனாளாம். திரும்பும்போதுதான் எங்கள் லட்சணம் தெரிந்ததாம்.

"பூட்டு போட்டும் உன் மச்சானை உள்ள அனுப்பியிருக்கியே, வெக்கமா இல்ல? வழி பூரா சைக்கிள்ல என் பின்னாலயே வர்றான். கூப்புட்டா பதில் இல்ல. ஒவ்வொரு கேட்டுலயும் கையை மட்டும் தூக்குறான்."

யெர்கோ குவளையை மேஜையில் வைத்தான்.

"அம்மா," என்றேன், "நீங்க அந்தக் கேட்டையெல்லாம் மூடினீங்களா?"

"கை காட்டுறவன் மூஞ்சியில அடிச்சாப்ல மூடுவாங்களா? தொறந்து விட்டுட்டுத்தான் வந்தேன். வரட்டும், அவன் மூடிட்டு வரட்டும்."

"யெர்கோ இங்க என் எதிர்ல உக்காந்திருக்கான்மா."

அவளுடைய நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டு முத்தத்துல," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "இந்தக் கேட்டையும் அவனுக்காகத்தான் தொறந்து வச்சிருக்கேன்."

"அதை மூடுங்க. அவனைப் பாக்காம மூடுங்க."

நாய் குரைப்பதை நிறுத்தியது. சரளை நொறுங்கியது; மெதுவாக, சீராக. பிறகு மரக் கேட் ஒன்று நீளமாக முனகி, அதன் சங்கிலி கொக்கியில் விழும் சத்தம் கேட்டது. அவள்தான் மூடினாள் என்று நினைத்தேன். மிர்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள்.

"அம்மா, மூடிட்டீங்களா?"

எர்மின்டா அம்மாள் போனை வாயோடு ஒட்டிவைத்துப் பேசினாள்.

"நான் மூடல, லிசார்டோ. அவன் உள்ள வந்து மூடிட்டான்."