மணி கொடுத்த கை

மணியை நீட்டிய கை வெதுவெதுப்பாக இருந்தது. கால் மட்டும் சில்லென்று கிடந்தது.

கொசுவலைக்கு அடியிலிருந்து அந்தக் கை வெளியே வந்ததும் உள்ளே போனதும் ஒரு கணம்தான். விரித்த உள்ளங்கை, அதில் நூலில் கோத்த ஒற்றைப் பழைய மணி. தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள மூஜான் அதை எடுத்தபோது விரல் பட்டது. நல்ல சூடு, லேசான வியர்வை. இப்போது வலைக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு கால்களில் வலதை இழுத்துத் தன்னருகே வைத்து, எப்போதும் செய்வதுபோல் உள்ளங்காலால் தோலை அழுத்தி இழுத்துப் பிடித்தாள். அந்தக் குளிர் அவள் பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. வயசான உடம்பு, அதுவும் படுத்த படுக்கை, ரத்தம் எங்கே கால்வரை ஓடப்போகிறது என்று சொல்லிக்கொண்டு, பச்சை குத்த வேண்டிய கோலம் செதுக்கிய அச்சுக்கட்டையை மையில் தோய்த்து முட்டியின் மேல் பதித்தாள்.

வலைக்குள் படுத்திருந்தவள் ஊலாவ். ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் அந்த நீளவீட்டில் ஊலாவ் வருகிறாள் என்றால் நாய்கூட எழுந்து வேறு பக்கம் போகும். மூஜானின் அம்மாதான் அவளுக்குப் பச்சை குத்தியவள். விரல்கள், பாதம், தொடை எல்லாம் முடித்து முட்டிக்கு வந்தபோது அம்மா வழக்கப்படி மணி கேட்டாள். இங்கே பூசிய கறுப்பு அங்கே போனால் வெளிச்சம். செத்த பிறகு அந்த வெளிச்சத்தில்தான் வழி தெரியும், முழுதாக முடித்தவள்தான் அங்குள்ள ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம். தொடை எவ்வளவு கறுத்திருந்தாலும் முட்டி மூடவில்லையென்றால் எண்ணெய் இருந்தும் திரி இல்லாத விளக்குதான். அந்தத் திரியைக் கொளுத்தும் நெருப்பு குத்துகிறவளின் கண்ணிலிருந்து போகிறது. அதற்கு ஈடாகத்தான் மணி. குத்திக்கொள்கிறவள் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குத்தியவள் கண் அவிந்துபோகும்.

"உன் கண்ணு போனா எனக்கென்னடி" என்றாள் ஊலாவ் அன்று. சொன்னதோடு விடவில்லை. மைக்கிண்ணத்தை எடுத்து ஆற்றில் எறிந்தாள். ஒரு மணிக்காக முட்டியைப் பச்சையில்லாமலேயே வைத்துக்கொண்டு, அம்மாவைப் பிச்சைக்காரி என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி ஏசிக்கொண்டே கிழவியானாள்.

அதனால்தான் மூஜான் வந்தாள். ஊலாவின் மகன் லாவாய் படகெடுத்து, பிறகு வண்டி பிடித்து, மீரி நகரத்தில் அவள் பச்சை குத்தும் கடைக்கே வந்து, அம்மா இழுத்துக்கொண்டிருக்கிறாள், முட்டியை முடித்துவிட வேண்டும், மணி தருகிறோம் என்று நின்றபோது அவளுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி பரவியது உண்மை. எங்கள் அம்மாவுக்குக் கொடுக்காத மணியை என் கையில் கொடுக்கட்டும், நான் பார்க்க வேண்டும் என்றுதான் படகில் ஏறினாள். வழியெல்லாம் லாவாய் குத்திக்காட்டிக்கொண்டே வந்தான். வெள்ளைக்காரன் முதுகில் மிஷினால் தேள் பச்சை குத்துகிறவளுக்கு நம்ம ஊர்க் கட்டையைப் பிடிக்கத் தெரியுமா, கை நடுங்காதா என்று. போய் இறங்கியபோது கூடத்தில் ஆளில்லை. அறுவடை நேரம்; வீடே காட்டு வயலில் கிடந்தது.

ஊலாவின் மகள் உபுங்தான் உள்ளே கூட்டிப்போனாள். கிழவிக்கு வெளிச்சம் ஆகாது, அதோடு உன் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறாள், வலை தூக்க வேண்டாம், நான் உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்றாள். வெட்கமா, ஊலாவுக்கா என்று மூஜான் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஊசிக்கட்டையின் தலையில் தட்டுகழி விழுந்தது. டொக், டொக், டொக். ஊசிக்கட்டை கோட்டைப் பிடித்து நகர்ந்தது. ஜன்னல் பலகை சாத்தியிருந்ததால் தகரக் கூரையின் சூடு அறைக்குள் நின்றது. மைக்குக் கரைத்த குங்கிலியப் புகைக்கரியின் வாசனை, பாயின் ஈர வாசனை, அவற்றுக்கெல்லாம் மேலே மூக்கைப் பொசுக்கும் கோடாலித் தைலம். யாரோ ஒரு பாட்டில் முழுவதையும் கவிழ்த்திருக்க வேண்டும். வெளியே சேவல் ஒன்று நேரம் தெரியாமல் கூவியது. வலைக்குள் மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது. இழுத்து, நிறுத்தி, விட்டு. மூஜான் அந்த மூச்சுக்கு ஏற்றபடியே தட்டினாள்.

முட்டியில் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும். அங்கே ஊசி இறங்கினால் கல்போன்ற பெண்ணும் துள்ளுவாள். அதற்காகவே காலை அழுத்திப் பிடிக்க ஆள் வைப்பார்கள். இந்தக் கால் அசையவில்லை. ஊலாவின் திமிர், வலிக்கிறது என்று எனக்குக் காட்டுவாளா என்று முதலில் தோன்றியது. பிறகு துடைக்கத் துணியை எடுத்தாள்.

துணியில் மை இருந்தது. மை மட்டும்தான் இருந்தது.

இன்னொரு முறை துடைத்தாள். ஊசித் துளைகள் வரிசையாக, சுத்தமாக, வாயைத் திறந்தபடி இருந்தன. ஒன்றிலும் ஒரு துளி ரத்தம் இல்லை. மாட்டுத்தோலில் குத்திப் பழகிய நாள்களில்தான் அவள் இப்படிப்பட்ட துளைகளைப் பார்த்திருக்கிறாள். சுண்டிப்போன உடம்பு என்று முனகிக்கொண்டு தொடர்ந்தாள். வேலையைப் பாதியில் நிறுத்துகிறவள் என்ற பெயர் அம்மாவுக்கு வந்தது போதும்.

வலது முட்டி மூடியது. நிமிர்ந்தபோது வலது கண்ணில் ஏதோ மறைத்தது. கரி விழுந்துவிட்டது என்று தோள்துணியால் துடைத்தாள். மறைப்பு போகவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வலை தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, தன் கை தெரியவில்லை. ஆனால் ஊலாவின் வலது கால் மட்டும் தெரிந்தது. தொடையிலிருந்து முட்டிவரை ஒவ்வொரு கோடும், அடுப்புத் தணலை ஊதினால் வருமே, அந்த நிறத்தில்.

கையை எடுத்தாள். மறுபடி சாதாரண அறை, சாதாரணக் கறுப்புக் கோடுகள். மணிக்கட்டைத் தடவினாள், மணி இருந்தது. பிறகென்ன, மணிதான் இருக்கிறதே.

தண்ணீர் கேட்டாள். உபுங் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, குடத்தடிக்குப் போனாள்.

மூச்சுச் சத்தம் நின்றது.

மூஜான் காத்திருந்தாள். கூரையில் தகரம் ஒருமுறை டக்கென்று சத்தமிட்டது. ஈ ஒன்று வலைக்குள் சுற்றியது. அது எங்கோ உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. அதை யாரும் விரட்டவில்லை. குடத்தடியிலிருந்து உபுங்கின் மூச்சு நடைக்கு ஏற்றபடி திரும்பி வந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு.

மூஜான் வலையைத் தூக்கினாள்.

தாடை துணியால் கட்டியிருந்தது. கைகள் மார்பின் மேல், அவையும் துணியால் கட்டியிருந்தன. புறத்தில் அம்மா குத்திய கோடுகளோடு விரல்கள் விறைத்துக் கிடந்தன. கட்டிய கை எப்படி மணியை நீட்டும்? உபுங்கின் கைகளைத் திரும்பிப் பார்த்தாள். சொம்பைப் பிடித்திருந்த அந்த விரல்களில் ஒரு கோடும் இல்லை. வியர்வை மட்டும் இருந்தது.

"எப்ப போனா?" என்று கேட்டாள்.

"நேத்தே." உபுங் சொம்பைக் கீழே வைக்கவில்லை. "கேட்டுப் பாத்தேன் அக்கா. சாகுற அன்னிக்கும் மணிய விடல. விரலப் பிரிச்சு நான்தான் எடுத்தேன்."

வீட்டில் பிணம் கிடக்கும்போது ஊசியைத் தொடக்கூடாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இவள் பிணத்தின் மேலேயே குத்த வைத்திருக்கிறாள். என் கண்ணை விற்க நீ யாரடி என்று கேட்டாள் மூஜான். எழுந்தாள். வாசலில் லாவாய் உட்கார்ந்திருந்தான், காடு வெட்டும் பாராங்கத்தி மடியில்.

"இன்னொரு முட்டி இருக்குல்ல" என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் நாசமாத்தான் போவீங்க. வழிய விடு."

"வெளிச்சம் இல்லாம அவ எங்க போவா? போகமாட்டா அக்கா, இங்கயேதான் இருப்பா." உபுங் இப்போது அழுதாள். "உயிரோட இருந்தப்ப எங்கள என்ன பாடு படுத்தினா தெரியுமா? இருட்டுல, செத்தும் போகாம, இந்த ரூமுக்குள்ள. உனக்கென்ன, உனக்கு மீரில வீடு இருக்கு."

பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் மூச்சுச் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.

உபுங் வலைக்கு வெளியே நின்றிருந்தாள். லாவாய் வாசலில். மூச்சு வலைக்குள்ளிருந்து வந்தது.

இழுத்து. நிறுத்தி. விட்டு.

லாவாயின் கத்தி பலகைத் தரையில் விழுந்தது. அவன் ஓடும் சத்தம் கூடத்தின் நீளத்துக்கும் போய்க்கொண்டே இருந்தது. உபுங் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மூஜானும் ஓடத்தான் திரும்பினாள். கணுக்கால் எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தாள்.

ஊலாவின் இடது கால் மடங்கி, அவள் காலைச் சுற்றி வளைத்திருந்தது. முட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

துணி கிழியும் சத்தம். வலைக்கு அடியிலிருந்து கை வந்தது. இந்த முறை புறங்கை மேலாக. கோடு போட்ட விரல்கள் பாயைத் தடவின. தட்டுகழியைக் கண்டுபிடித்தன. மூஜானின் வலது கையை இழுத்து, அதற்குள் கழியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடின. ஈரமான, கனமான குளிர்.

"மணி" என்றாள் மூஜான். அழுகையில் அது சரியாக வரவில்லை. "உன் கையால மணி குடு. அத மட்டும் குடு. நான் முடிச்சுத் தர்றேன். கண்ணு இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், எனக்கு வேற தொழில் தெரியாது."

தைல வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. இடது முட்டியில் நின்ற ஊசிக்கட்டைக்கு மேலே, கை அவள் கையைத் தூக்கியது.

டொக்.

ஜன்னல் இடுக்கில் இருந்த வெளிச்சக் கோடு மங்கியது.

டொக். பாயின் பின்னல் போயிற்று. டொக். உபுங்கின் முகம் போயிற்று. அவள் அழும் சத்தம் மட்டும் இருந்தது.

டொக். டொக்.

கடைசிக் கோடு.

பிறகு எதுவும் இல்லை. கறுப்பு. சேவல் கூவியது. தூரத்தில் வயலிலிருந்து பெண்கள் பேசிக்கொண்டு திரும்புவது கேட்டது. யாரோ சோற்றுப் பொட்டலத்தை மறந்துவிட்டதற்காக யாரையோ கேலி செய்தார்கள். நடுப்பகல்தான். முகத்தில் வெயில் படும்வரை மூஜான் சுவரைத் தடவித் தடவி வந்தாள். வெயில் சுட்டது. தெரியவில்லை.

கூடத்தின் விளிம்பில் யாரோ அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தார்கள். ஆற்றுக்கு இறங்கும் ஒற்றை மரத்தில் வெட்டிய படிக்கு மெதுவாகக் கூட்டிப்போனார்கள். படகில் ஏற்றிவிடுவார்கள், மீரிக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். "உபுங், கைய விட்டுடாத" என்றாள்.

"நான் இங்க இருக்கேன்." உபுங்கின் குரல் மேலே, வெகு பின்னால், கூடத்திலிருந்து வந்தது. "அக்கா, நீ யாரோட போற?"

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் நகர்ந்தன. பொறுமையாக நூலின் முடிச்சைத் தேடின. அவிழ்த்தன. மணியை எடுத்துக்கொண்டன. பிறகு மறுபடி இறுக்கிப் பிடித்தன.

அப்போதுதான் அவளுக்குக் கண் தெரிந்தது. உலகம் முழுக்க இருட்டு; அந்த இருட்டில், ஒரு படி கீழே, தணல் நிறத்தில் இரண்டு கால்கள். பாதம், தொடை, அவளே மூடிய இரண்டு முட்டிகள், ஒரு கோடு தவறவில்லை. அவை படியிறங்கின. தண்ணீரில் இறங்கின. தண்ணீருக்குள்ளும் அணையவில்லை. ஆறு அவள் கணுக்காலைத் தொட்டது, பிறகு முட்டியை. வெளிச்சம் இன்னும் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, கை விடவில்லை.