தலையில் ஒரு தட்டு

"அக்கா, உள்ள வரலாமா?"

அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. நிலைப்படியைக் கால் விரல்கூடத் தாண்டாமல் தங்கை நின்றிருந்தாள். பன்னிரண்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கதவைத் திறக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தோளால் இடிப்பதுதான். அதிலும் இது அவளும் சேர்ந்து படுக்கிற அறை.

"என்னடி புதுசா? வாயேன்."

வந்தாள். பள்ளிப் பையை முதுகிலிருந்து இறக்காமல் கட்டிலருகே நின்றாள்.

"உக்காரலாமா, அக்கா?"

பெரியவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

கல்லூரி நீச்சல் குழுவில் அவளைத் தவளை என்பார்கள். மூன்றாம் ஆண்டுக்கு வந்தபிறகு 'தவளை அக்கா'. அந்தக் குழுவில் முதலாண்டுப் பெண்கள் மூத்தவர்களைக் கேட்காமல் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. கேட்கும்போது 'அக்கா' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இதைப் பற்றி அவள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாருடி சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"எதை?"

முகத்தில் குறும்பு இல்லை. வம்புக்கு இழுக்கிறவளின் உதட்டுச் சுழிப்பும் இல்லை. துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது முகம்.

"உக்காரு" என்றாள் தவளை. சொன்ன பிறகுதான் தங்கையின் முழங்கால் மடங்கியது.

விஷயம் பள்ளிக்கூடம் வரை பரவிவிட்டதா? பரவியிருக்கலாம். மதியம் விசாரணை நடந்த அறைக்கு வெளியிலேயே அத்தனை பேர் கூடியிருந்தார்கள். உள்ளே நீளமேசைக்குப் பின்னால் விசாரணைக் குழுவின் பேராசிரியை. சுவரோரம் போட்ட நாற்காலியில், குளத்தில் மூழ்கிய முதலாண்டுப் பெண்ணின் அப்பா. தையல்காரர். சட்டைக் கையில் ஒட்டியிருந்த நீல நூலைக்கூடக் கவனிக்காமல் வந்திருந்தார். அவருடைய மகளைக் குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதிகம் பேசமாட்டாள் என்பதால் ஊமச்சி என்று பெயர் வைத்து, அதற்குப் பதில் சொல்லவும் பழக்கியிருந்தார்கள். இப்போது மருத்துவமனையில் அவளுக்காக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் முதலாண்டுப் பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். தண்ணீருக்குள் தலையை அமிழ்த்த வேண்டும். பின்னால் நிற்கும் அக்கா உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் எழலாம். ஊமச்சியின் பின்னால் நின்றது தவளை. பக்கத்தில் நின்ற கேப்டன் ஏதோ ஜோக் சொன்னாள். தவளை திரும்பினாள், சிரித்தாள், பதிலுக்கு ஒன்று சொன்னாள். இடுப்பளவுத் தண்ணீர். நினைத்திருந்தால் எழுந்திருக்கலாம். ஊமச்சி எழவில்லை. தட்டு விழும் என்று காத்திருந்தாள்.

அதற்கு முந்தைய வாரம் நடந்ததை நினைத்தால் இன்னும் கூசியது. ராகிங் நடந்தால் இவரிடம் சொல்லுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது தவளையின் சிரித்த படம்தான். ஊமச்சி அந்தப் படத்துக்குக் கீழேயே வந்து நின்று கேட்டாள். "அக்கா, தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்க பயமா இருக்கு. யார்கிட்டயாவது சொல்லலாமா?"

"எல்லாரும் தாண்டி வந்ததுதான். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு... நான்தான் பின்னாடி நிப்பேன், போ."

மதியம் பேராசிரியை கேட்டபோது, "அவளாதான் இறங்கினா மேடம். நாங்க யாரும் பக்கத்துல இல்ல" என்றாள் தவளை. கேப்டன் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம். வெளியே வந்ததும் தையல்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானேம்மா தவளை அக்கா? வீட்டுல உன் பேச்சுதான். அந்த அக்கா இருக்காங்கப்பா, எனக்குப் பயமில்லன்னு சொல்லும்." அவர் பிடி தளரும்வரை தவளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். அவள் யோசனையில் இருந்தபோது தங்கை எழுந்து அங்கே போயிருந்தாள். எட்டிப் பார்த்தபோது, ததும்பத் ததும்ப நிறைத்த டம்ளரை உதட்டருகே பிடித்தபடி, தரையில் சொட்டுச் சொட்டாகச் சிந்தவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே விழுந்த சாய்ந்த வெயிலில் அவள் நிழல் மட்டும் சுவரில் ஏறி நின்றது. குளோரின் வாடை அடித்தது. கண்ணைக் கரிக்கும் குளத்து வாடை.

"அக்கா, குடிக்கலாமா?"

"குடி! கேக்காத, குடி!"

குடித்தாள். ஒரு மிடறு. பிறகு மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

தவளை அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா மருந்துக்கடையில் இரவு வரை நிற்பவள். பின்னால் ஆட்கள் மாத்திரைப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"காய்ச்சலா இருக்கும்டி. ஒரு மாத்திரை குடுத்துப் படுக்கப் போடு. இங்க கூட்டம் கழுத்தை நெரிக்குது."

நெற்றி சுடவில்லை. ஜில்லென்று இருந்தது. முடியின் வேர் மட்டும் நனைந்திருந்தது.

"தூங்கலாமா, அக்கா?"

"தூங்குடா."

விளக்கை அணைத்ததுபோலத் தூங்கிப்போனாள்.

தவளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வாடை இப்போது போர்வையிலிருந்து வந்தது, தலையணையிலிருந்து வந்தது, அவள் உள்ளங்கையிலிருந்தும் வந்தது. சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. ஏதாவது நினைவு வந்தால் கூப்பிடு என்று பேராசிரியை எண் கொடுத்திருந்தார். கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

அந்த அமைதியில்தான் தெரிந்தது.

தங்கை தூங்கும்போது லேசாகக் குறட்டை விடுவாள். இப்போது இல்லை. மூச்சுச் சத்தமே இல்லை.

குனிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த உதடு அசைந்தது.

"அக்கா... மூச்சு விடலாமா?"

"விடு! விடுடி!"

மார்பு எழுந்தது. தாழ்ந்தது. நின்றது.

உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். உச்சந்தலையில் தட்டினாள், ஓங்கி ஓங்கித் தட்டினாள். அன்றைக்குத் தட்டாத கைக்கு இன்றைக்கு மதிப்பில்லை.

"விடு."

எழுந்தது. தாழ்ந்தது.

"இனிமே கேக்காத. நீயா விடு. விட்டுக்கிட்டே இரு."

அசைவில்லை.

"விடு."

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

போன் அடித்தது. பேராசிரியை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூப்பிட்டிருந்தியேம்மா. என்ன, சொல்லு."

"மேடம், அன்னைக்கு குளத்துல... விடு."

"என்னது?"

"நான்தான் மேடம் பின்னாடி... விடு. என் தங்கச்சி இங்க... விடு."



"விடுன்னா? விசாரணையை விட்டுடச் சொல்றியா?"

"இல்ல மேடம்... விடு."

"அந்தப் பொண்ணோட அப்பா இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசினார். குரலே வரல மனுஷனுக்கு. உன்னால எப்படிம்மா இப்படிச் சொல்ல முடியுது?"

"விடு."

"சீ" என்றார் பேராசிரியை. தொடர்பு அறுந்தது.

வியர்த்த கையிலிருந்து போன் நழுவிக் கட்டிலுக்கடியில் எங்கோ போய் விழுந்தது. குனிந்து தேட நேரமில்லை.

"விடு."

வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்கைப் போட எழ முடியவில்லை. தங்கையின் முகம் முதலில் மங்கியது. பிறகு மார்பும் மறைந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். எழுந்தது. தாழ்ந்தது.

"விடு."

தொண்டை வறண்டது. எச்சில் விழுங்கக்கூட இடைவெளி இல்லை.

"விடு."

குரல் கம்மியது.

"வி..."

காற்று மட்டும் வந்தது.

இருட்டில், அவள் கைக்கடியில், எதுவும் அசையவில்லை. பிறகு மிக மரியாதையாக, மிகப் பொறுமையாக ஒரு குரல்.

"அக்கா, கேக்கல. விடலாமா?"