யாகொடா படிக்காத செய்தி

மைக்கை அணைத்துவிட்டு லிண்டன் பூ போட்ட தேநீரை வாயருகே கொண்டுபோன யாகொடா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துச் சமையலறை ரேடியோவில் அவள் குரல் இன்னும் செய்தி படித்துக்கொண்டிருந்தது.

ஏதோ பழைய பதிவு ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். மொராவா ஆற்றங்கரையில் நாள்கணக்காகக் கொட்டித் தீர்க்கும் மழை, நாற்காலியில் காயப்போட்ட கம்பளிக் கோட்டின் ஈர வாடை, கீழே ஜெனரேட்டரின் இருமல். இத்தனைக்கும் நடுவில் ஒலிப்பதிவாளர் பிளாகொயெ தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டதால் வானொலி நிலையத்தில் அவள் ஒருத்திதான். மேலே அணை விரிசல் விட்டிருக்கிறது, கீழ்த்தெருக்காரர்கள் தேவாலயக் குன்றுக்கு ஏறிவிடுங்கள் என்று காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனால் அந்தக் குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் அவளைப் போலவே மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னது.

"ஆபத்து ஒன்றுமில்லை. ஆற்றில் நீர் வடிகிறது. அவரவர் வீட்டிலேயே இருங்கள்."

அந்த ஊரில் அவள் சொன்னால் சொன்னதுதான். மதியச் செய்தி முடிந்ததும் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பதும் அவள்தான். யாகொடா படித்துவிட்டால் பிணமே எழுந்து உட்கார்ந்தாலும் படுக்க வைத்துவிடுவார்கள் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். ஓய்வு நாட்களில் பழைய டிரான்சிஸ்டர்களைப் பழுதுபார்ப்பது அவளுக்கு ஒரு பைத்தியம். மின்சாரம் போன கீழ்த்தெருவில் இன்றைக்குப் பேசிக்கொண்டிருந்த ரேடியோக்களில் பாதி, அவள் கைபட்டுப் பிழைத்தவை. அந்தத் தெருவில்தான் அவள் தம்பி மிலுதின் இருந்தான். அவளுக்கென்று மிஞ்சிய ஒரே உறவு.

மைக்கின் கம்பியைப் பிடுங்கினாள். குரல் நிற்கவில்லை. ஒலிபரப்பு இயந்திரத்தையே அணைத்தாள், ஜெனரேட்டரை நிறுத்தினாள். இருட்டில், பாட்டரியில் ஓடிய சமையலறை ரேடியோ மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

தம்பியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"மிலுதின், கெளம்புடா. இப்பவே குன்றுக்கு ஏறு."

"யாரும்மா நீ?"

"அக்காடா. ரேடியோவுல பேசறது நான் இல்ல."

அவன் சிரித்தான். "நல்லாத்தான் நடிக்கிறே. எங்க அக்கா குரல் எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து அவதான் வீட்டுலயே இருங்கன்னு சொல்லிட்டிருக்கா. அடுப்புல கோஸ் வேகுது, போனை வை."

மழையில் ஓடினாள். குன்றைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆள்கூட ஏறவில்லை. கீழ்த்தெருவுக்கு இறங்கும் படிகளை அவள் எட்டியபோது, ஆற்றுப் பக்கமிருந்து இரயில் வருவதுபோல ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு சேற்று வாடை. பிறகு தண்ணீர்.

மிலுதின் வாசலில் நின்றான். இடுப்பளவு பழுப்புத் தண்ணீர். ரேடியோ நனைந்துவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"மேல வாடா!" தொண்டை கிழியக் கத்தினாள். "தம்பி, என்னைப் பாருடா!"

அவன் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல. உதட்டில் விரல் வைத்தான்.

"சத்தம் போடாதம்மா. அக்கா பேசறா."

மார்பு. கழுத்து. அவன் நகரவில்லை. வாய். கண்.

கை மட்டும்.

தெரு நெடுக, தண்ணீருக்கு மேலே கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு ரேடியோ. எல்லாவற்றிலும் யாகொடாவின் குரல் மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியது.