ஆடாத மேஜை

ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு நூலளவு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நேற்று சாயங்காலம் ரெய்னோ விளக்கைத் தூக்கிப் பிடித்து இரண்டு முறை பார்த்து, சரிதான் என்று திருப்தியாக விட்டுப்போன, அவனே செய்த புது மேஜை அது.

நிலவறையின் வடக்குச் சுவரை ஒட்டி அது நின்றது. மேப்பிள் பலகைகளைப் பசைபோட்டு இறுக்கி, மூன்று அங்குலக் கனத்துக்கு இழைத்த மேல்தளம். தொடை பருமனில் நான்கு கால்கள். முதுகுப் பக்கம் சுவரோடு ஆறு போல்ட். இடது ஓரத்தில் சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ். காகித ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற ரெய்னோவிடம்தான் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள் வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவார்கள். மான் வேட்டை தொடங்க இன்னும் ஒன்பது நாள். சுவரில் நான்கு துப்பாக்கிகள் காத்திருந்தன.

வலது மூலைதான் தாழ்ந்திருந்தது. பச்சை மரம், ஈரத்துக்கு இறங்கியிருக்கும் என்று காலடியில் தகரச் சக்கை ஒன்றைச் செருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் அது மறுபடி ஒதுங்கியிருந்தது. இரண்டாவது சக்கை. அதற்கடுத்த நாள், கீழ்த்தட்டில் ஆறு மூட்டை மணலை அடுக்கி, தரையின் சிமெண்டையும் துளைத்துக் காலைப் பூட்டினான். இனி ஒரு லாரி வந்து மோதினாலும் அசையாது என்று அவனுக்கே தோன்றியது.

அசையாத மேஜை அவனுக்கு வேண்டியிருந்தது. போன வருஷம் வரைக்கும் இதே இடத்தில் சமையலறையிலிருந்து கழித்துப்போட்ட ஒரு பழைய மேஜை இருந்தது. மச்சான் ஆர்வோவின் துப்பாக்கியை அதில் வைத்துத்தான் சரிசெய்தான். விசை கனமாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கிக் கொடு என்று ஆர்வோ கேட்டிருந்தான். அரத்தை இழுக்கும்போது மேஜை ஆடியது. கை வழுக்கியது. விசையைத் தடுத்துப் பிடிக்கும் பற்று முனையில் ஒரு மயிரிழை கூடுதலாகப் போய்விட்டது ரெய்னோவுக்குத் தெரியும். விடிந்தால் வேட்டை, ஆர்வோ மேஜையின் வலது மூலையில் சாய்ந்து நின்று அவசரப்படுத்துகிறான், பரவாயில்லை என்று மூடிக் கொடுத்துவிட்டான். மறுநாள் காட்டில் மரத்தில் சாய்த்துவைத்த துப்பாக்கி சரிந்து விழுந்தது. யாரும் விசையைத் தொடவில்லை. வெடித்தது.

ஆர்வோவின் சாவை விபத்து என்று எழுதினார்கள். ஆர்வோவின் தங்கை ஐலி, ரெய்னோவின் மனைவி, ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அவன்தான் அவளுக்கு ஊட்டிவிட்டான். அந்த மயிரிழையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மணல் மூட்டை வைத்த மறுநாள் மத்தியானம் அவன் ஒரு துப்பாக்கியை வைஸில் பூட்டி, உப்புத்தாளால் அதன் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்து, மேலே இருந்த குறுகிய ஜன்னலைப் பாதிவரை மூடியிருந்தது. தேய்க்கும்வரை ஒன்றுமில்லை. கையை நிறுத்தினால் மட்டும் வலது மூலையில் மரம் மெல்ல முனகியது, நெடுநேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றவன் முழங்கையை மாற்றி வைப்பதுபோல. அவன் மறுபடி தேய்த்தான். நிறுத்தினான். முனகல்.

ஐலி காபி கொண்டு இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று மோப்பம் பிடித்தாள்.

"அண்ணனோட கம்பளிக் கோட்டு இங்கயா கெடக்குது? நனைஞ்ச நாத்தம் அடிக்குது பாரு. அவன் மெல்லுற பொதினாப் புகையிலை வாடையும் சேர்ந்து."

"இங்க ஒண்ணுமில்ல ஐலி."

"ஆமால்ல," என்றாள் அவள் கொஞ்சம் யோசித்து. "அந்தக் கோட்ட போலீஸ் திருப்பியே தரலயே."

காபியை வைத்துவிட்டு, மாவு பிசைய வேண்டும் என்று ஏறிப் போனாள்.

மூன்றரை மணிக்கே வெளிச்சம் கரையத் தொடங்கியது. வாடை இப்போது அவனுக்கும் வந்தது. ஈரக் கம்பளி, புதினா, அதற்கடியில் சுட்ட வெடிமருந்து. மேல்தளத்தில் படிந்திருந்த மரத்தூளைப் பார்த்தான். வலது மூலையில் மட்டும் தூள் இல்லை. இரண்டு இடத்தில். முழங்கை அகலத்துக்கு.

ஆர்வோ அங்கேதான் நிற்பான். எப்போதும். வேலை முடியும்வரை.

ரெய்னோ உப்புத்தாளைக் கீழே வைத்தான். இந்த ஒரு வருஷமாக விழுங்கிக்கொண்டே இருந்த சொற்கள் தாமாக வெளியே வந்தன.

"மேஜை ஆடிருச்சு மச்சான். அரம் வழுக்கிருச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

ஒன்றும் அசையவில்லை. ஏதோ காதைச் சாய்த்துக் கேட்பது போன்ற அமைதி. பிறகு மரம் ஒரு நீண்ட மூச்சு விட்டது. வலது மூலை நிமிர்ந்தது. சுவரிலிருந்த போல்டுகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று இளகின.

அவனுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது போலிருந்தது. ஆர்வோ கேட்டுவிட்டான். கேட்டுவிட்டுப் போகிறான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரெய்னோ விம்மினான்.

அப்போது முதல் படி கிறீச்சிட்டது.

இரண்டாவது படி. மூன்றாவது. ஈரமான, கனத்த காலடி. அவசரமில்லாமல் மேலே ஏறியது. வாசலுக்கு அல்ல. வாசல் இடப்பக்கம். காலடி வலப்பக்கம் திரும்பியது.

சமையலறை.

அவன் ஓடினான். படியில் முழங்கால் மோதியது. கைப்பிடியைப் பற்றி எழுந்தான். படிகளில் நனைந்த தடங்கள். கதவு திறந்திருந்தது.

ஐலி அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி விரித்த மாவு. உருட்டுக்கட்டையின் மேல் அசையாத கைகள். எதிரில் காலி நாற்காலி, பின்னுக்கு இழுத்துப் போட்டபடி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள், யாரோ தாழ்ந்த குரலில் நெடுநேரமாக ஏதோ சொல்வதைக் கேட்பதுபோல.

"ம்," என்றாள்.

"ஐலி."

"ம்." அது அவனுக்கு அல்ல. நாற்காலிக்கு.

அடுப்பில் கொதிக்கும் சத்தம். ஜன்னலில் பனி.

"ம்... ம்."

பிறகு அவள் ம் கொட்டுவது நின்றது. கழுத்து மட்டும், மெல்ல, அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.